கொடியில்லாதவள் தாண்டுகிறாள்

சூரிச் ரயில் நிலைய மண்டபத்தின் நடுவே பெண்களின் உயரம் தாண்டும் போட்டி நடக்கிறது. வில் என்ற ஊருக்குப் போகும் ரயிலைத் தவறவிட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறேன். ஒட்டடைக் குச்சி போல நெடுநெடுவென்று ஒரு ரஷ்யப் பெண், கடைசி வாய்ப்புக்கு நிற்கிறாள். உலகப் பட்டம் வென்றவள். ஊக்கமருந்து விவகாரத்தில் நாட்டுக்கே தடை விழுந்ததால் ஒலிம்பிக் கைநழுவிவிட்டது. இப்போது திரையில் பெயர் மட்டும்தான், கொடி இல்லை.

பக்கத்தில் சமையல்கட்டு ஏப்ரனோடு ஒரு யாழ்ப்பாணத்துக்காரர்.

"கொடி இல்லாம எப்படிண்ணே உள்ளே விட்டாங்க?" என்கிறேன்.

"கொடி என்னத்துக்குத் தம்பி? ஓடிவந்து பாயத் தெரிஞ்சாக் காணும். நாங்களும் அப்பிடித்தானே இந்த நாட்டுக்குள்ள வந்தனாங்கள்."

அவள் தலைக்கு மேலே கைதட்டி, கூட்டத்தையும் தட்டச் சொல்கிறாள். அண்ணைதான் எல்லாரையும்விட ஓங்கித் தட்டுகிறார். ஓடுகிறாள், எழும்புகிறாள், முதுகை வளைக்கிறாள். கம்பி நடுங்குகிறது, ஆனால் விழவில்லை. மண்டபமே கூச்சல் போட, தடித்த நீல மெத்தையில் மல்லாந்து கிடந்து சிரிக்கிறாள்.

அண்ணை மெத்தையையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"நாங்கள் எல்லை பாயேக்க ஒருத்தரும் கைதட்டேல்லை. அது பறவாயில்லை. உப்பிடி ஒரு மெத்தையாவது போட்டிருக்கலாம்."