ஓடைக்கு அப்பால் நடந்த நாய்ச்சண்டை

சீனி எடுக்கிற பீட்கிழங்கு வயல் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் பண்ணைக்காரன் ஏதோ கத்தினான். திரும்பிப் பார்க்கவில்லை. சப்பாத்துக்குள் தண்ணீர் போயிருந்தது. வயல் முடிகிற இடத்தில் ஒரு ஓடை, எட்டிப் பாய்ந்தால் தாண்டிவிடலாம். அதற்கு அந்தப் பக்கம்தான் சட்டப்படி நான் நிற்கக்கூடிய மண்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜேர்மனியில் அகதி விண்ணப்பம் கொடுத்தவன் தன் மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி எடுக்க வேண்டும். கெல்சென்கிர்ச்சன் நகரத்தில் இருந்த மச்சானைப் பார்க்கப் போய் ஒருமுறை பிடிபட்டிருந்தேன். அபராதத்தோடு விட்டார்கள். அடுத்த முறை குற்றவழக்கு என்றார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, நாலைந்து நாடுகளில் அலைந்தவனுக்கு ஒரு மாவட்டத்துக்குள் இருப்பது பெரிய சிரமம். அதனால் அந்தப் பண்ணைக்காரன் எங்கள் அகதி விடுதி வாசலில் வான் வண்டியை நிறுத்தி, ஓடைக்கு அப்பால் தன் பண்ணையில் நாய் கழுவ ஆள் வேண்டும் என்றதும் ஏறிவிட்டேன்.

அவன் நாய்களை எதற்கு வளர்க்கிறான் என்பது அன்று காலையில்தான் தெரிந்தது. களஞ்சியத்துக்குள் பலகை அடித்து ஒரு வட்டம். சுற்றிவர ஆட்கள் கோப்பிக் குவளைகளோடு நின்றார்கள். ஒரு நாய் மற்றதன் கழுத்தைக் கடைசிவரை விடவில்லை. முடிந்ததும் இரத்தத்தைக் கழுவ என்னைக் கூப்பிட்டார்கள். வாளியை வைத்துவிட்டு நடந்தேன்.

விடுதியில் என் அறையில் இருந்த மன்னார் அண்ணைக்கு டொச் மொழி நன்றாக வரும். நாய்ச்சண்டையைப் பற்றி முறையிட மிருக வைத்திய அலுவலகத்துக்கு என்னோடு வரும்படி கேட்டேன்.

"விசரே உனக்கு? நாய்க்கு இந்த நாட்டிலை இருக்க உரிமை இருக்கு. உனக்கு இருக்கோ?"

"இல்லை அண்ணை."

"பிறகென்ன, நாய்க்கு அப்புக்காத்து வேலை?"

நாய்க்கு வக்கீல் என்று என்னை ஏசிக்கொண்டே சப்பாத்தைப் போட்டார்.

போகும் வழியில் ஒரு யோசனையும் சொன்னார். பண்ணைக்காரனுக்கு ஓடையின் இரு பக்கமும் களஞ்சியம் உண்டு. முன்பு எங்கள் பக்கத்தில்தான் சண்டை வைத்தானாம். சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் இப்படிப்பட்டவனை அபராதத்தோடு விடுவதா, கோர்ட்டுக்கு அனுப்புவதா என்று முதலில் முடிவு செய்வது அந்தந்த மாவட்டத்து அலுவலகம். எங்கள் மாவட்டம் கோர்ட்டுக்கு அனுப்பும். அயல் மாவட்டம் அபராதத்தோடு முடிக்கும். அதனால்தான் அவன் ஓடையைத் தாண்டியிருந்தான்.

"இங்காலைக் களஞ்சியத்திலை கண்டனான் எண்டு சொல்லு. அவனுக்கும் நல்ல அடி. நீயும் எல்லை தாண்டேல்லை."

மிருக வைத்திய அதிகாரி நரைத்த முடியுள்ள பெண். மேசைக்கடியில் அவர் கால்களில் ரப்பர் பூட்ஸ் தெரிந்தது. நான் சொன்னதை அண்ணை டொச்சில் சொன்னார், அவர் எழுதினார். எழுதும்போது கை வேகமாகப் போனது. அந்தப் பண்ணைக்காரனைப் பிடிக்க அவர் கனகாலமாகப் பார்த்திருக்கிறார் என்று அண்ணை காதுக்குள் சொன்னார். பிறகு அதிகாரி சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டி, சண்டை நடந்தது ஓடைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

அண்ணை என் காலை மிதித்தார்.

"அங்காலை," என்று விரலை வைத்தேன்.

"அப்ப நீரும் அங்கை நிண்டனீரோ எண்டு கேக்கிறா."

"ஓம் எண்டு சொல்லுங்கோ அண்ணை."

அதிகாரி பேனாவை மூடினார். நிச்சயமா என்று இரண்டாம் முறை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மாற்றிச் சொல்லியிருக்கவும் கூடும். "இது என் மாவட்டம் இல்லை," என்றார். பிறகு தொலைபேசியை எடுத்து அயல் மாவட்டத்து அதிகாரியைக் கூப்பிட்டார். குரல் உயரவேயில்லை.

"என்ன சொல்லுறா?"

"கோர்ட்டுக்கு அனுப்புறதோ இல்லையோ எண்டு நீங்கள்தான் முடிவெடுக்கோணும், நானில்லை எண்டுறா. ஆனா சாட்சி எனக்கு முன்னாலை இருக்கேக்கை முடிவெடுக்காமல் இருக்க ஏலாது எண்டுறா."

அடுத்த அழைப்பு மேல்மாடியில் இருந்த வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு. "இப்ப உன்ர கதை," என்றார் அண்ணை. நான் எங்கே நின்றேன் என்பதை அந்த அம்மா ஒளிக்காமல் சொன்னார். இவர் தானாக வந்து சொன்னவர், வழக்குப் போடுவதும் எச்சரிக்கையோடு விடுவதும் உங்கள் கையில் இருக்கிறது, நான் விடும்படி கேட்கிறேன் என்றார். மறுநாள் காலை என்னை மேலே வரச் சொன்னார்கள்.

அயல் மாவட்டத்தார் போய் நாய்களை எடுக்கப் பின்னேரமாகிவிட்டது. அதற்குள் ஒன்று செத்திருந்தது. இந்தப் பக்கம் என்று அந்த அம்மா எழுதியிருந்தால் அவரே உடனே போயிருக்கலாம். அந்த மனக்குறை எனக்கு இன்றும் உண்டு. ஆனாலும் நான் அலைந்த நாடுகளில் தொப்பி போட்டவர்கள் எல்லோரும் தங்கள் அதிகாரத்துக்கு மிஞ்சித்தான் நடந்தார்கள். தன் அதிகாரம் முடிகிற இடத்தில் பேனாவை மூடிவிட்டு, அதற்குப் பிறகும் வேலையை விடாத ஒருவரை அன்றுதான் கண்டேன்.

காலையில் அண்ணையோடு மேல்மாடிக்குப் போனேன். அங்கிருந்தவர் தலை நிமிராமல், "எச்சரிக்கை மட்டும்," என்றார். பண்ணைக்காரனைக் கோர்ட்டுக்கு அனுப்ப அயல் மாவட்டம் முடிவெடுத்துவிட்டது என்றும் சொன்னார். இனி மாவட்டத்துக்குள்ளேயே வேலை செய், நகரத்து மிருகக் காப்பகத்தில் ஆள் குறைவு, மணிக்கு இரண்டு மார்க் என்றார். சம்மதித்தேன். பறித்த நாய்களைப் பார்க்கப் பழகிய ஆட்கள் அங்கே இருந்தார்கள். எனக்குத் தந்தது பூனைக் கூடுகள். பூனைகள் கழிக்கிற தட்டின் மண்ணை அள்ளிக் கொட்டி, தட்டைக் கழுவி, புது மண் போட வேண்டும். அன்று காலையே தொடங்கினேன்.