மல்லாவிக்குப் பஸ்ஸில் வரும் டொக்டர்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் எழுத வந்துவிட்டாளே என்று யாரும் கோபிக்கக் கூடாது. கண்டதை மட்டும் எழுதுகிறேன்.

மல்லாவி பஸ் நிலையத்தில் இறங்குகிறேன். கணவரோடு நிற்கும் ஒரு பெண் என்னை மறித்துக் கேட்கிறார்.

"அக்கா, உந்த பஸ்ஸில டொக்டர் வந்தவரோ? இண்டைக்கு மனநலக் கிளினிக்."

"நான் காணேல்லை, தங்கச்சி."

மாதத்தில் ஒரு நாள்தான் கிளினிக். முன்பு வெளிநாட்டு உதவியில் ஓடிய வாகனம் டொக்டரைக் கொண்டுவந்ததாம். உதவி நின்றபின் அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது, வாகனம் கொடுக்கவில்லை. அதனால் பஸ்ஸில் வருகிறார்.

அந்தப் பெண் கணவரைக் காட்டிச் சொல்கிறார். "ஊசி பிந்தினா இவருக்கு நித்திரை வராது. பிறகு சொல்லாமல் சைக்கிளில வெளிக்கிட்டுப் போயிடுவார். போனமுறை அவ்வளவு தூரம் போய் அக்கராயனிலதான் பிடிச்சது."

கணவர் சிரிக்கிறார். "இந்த றோட்டில பஸ்ஸில வாற டொக்டருக்குத்தான் முதல்ல ஊசி போடவேணும்."

அடுத்த பஸ்ஸிலும் அவர் இல்லை. டொக்டர் ஏறிய பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டதென்றும் கிளினிக்கை நாளைக்கு வைப்பாராம் என்றும் கொண்டக்டர் சொல்கிறார்.

"நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வந்து நிப்பன்," என்கிறார் கணவர். "நான் இல்லாட்டி டொக்டரின்ர பையை ஆர் தூக்கிறது?"

மனைவி அவருடைய சைக்கிள் பூட்டின் திறப்பை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொள்கிறார்.

மறுநாள் நான் ஊர் திரும்ப பஸ் நிலையத்தில் நின்றபோது, முதல் பஸ்ஸில் டொக்டர் வந்தார். கணவர் பையை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார். மனைவி சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் போனார்.