ஆரஞ்சுக் கண் ஈ

பழக்கடை வைத்திருப்பவனுக்கு ஈ மருந்து அடிக்க உரிமை இல்லையென்றால் அது என்ன நியாயம்? கடை திறந்த நாளிலிருந்து இந்தக் குறை எனக்கு உண்டு. காரணம் என் அக்கா.

அவள் ஆராய்ச்சிக்கூடத்தில் பழ ஈ வளர்க்கிறாள். நான் துரத்துவதை அவள் தீனி போட்டு வளர்க்கிறாள். சாயங்காலம் கடையில் வந்து நிற்பாள். தலைமுடியிலும் பையிலும் ஒட்டிவந்த நாலைந்து ஈக்கள் என் வாழைத்தாரில் இறங்கிக்கொள்ளும். மருந்தை எடுத்தால், "டேய், உசுருடா அது!" கொசுவை மட்டும் பட்டென்று அடிப்பாள்.

"அதுக்குள்ள அப்படி என்னதான் தேடுறே?" என்று ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியான்னு குட்டிக்குட்டி அடுப்பு இருக்கு. அதோட சவ்வுல ஒரு புரதம், கதவு மாதிரி. அந்தக் கதவைச் செய்யச் சொல்ற மரபணு எப்படி அமைஞ்சிருக்கு, உடம்புல எங்கெங்க வேலை செய்யுதுன்னு பாக்குறேன்."

"ஈயோட அடுப்புக் கதவுக்கா இத்தனை வருஷம்?"

"உனக்குள்ளயும் கதவு இருக்குடா. துருப்பிடிச்சுக் கிடக்கும்."

மரபணுவின் அமைப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். அது எங்கே வேலை செய்கிறது என்பதுதான் பாக்கி. அதற்கென்றே ஒரு ஈ வம்சத்தை உண்டாக்கினாள். மரபணு விழிக்கிற இடம் பச்சையாக ஒளிரும். அடையாளத்துக்குக் கண் ஆரஞ்சு நிறம். இருந்தது இரண்டே பாட்டில். ஒன்றைப் பூஞ்சணம் தின்றது.

ஈக்களை வாயுவால் மயக்கிப் பார்த்துவிட்டுப் புது பாட்டிலில் போடுவார்கள். அடியில் கூழ் மாதிரி ஈரத் தீனி. மயக்கம் தெளியும்வரை பாட்டிலைப் படுக்கவைக்க வேண்டும். நிமிர்த்தினால் தீனியில் விழுந்து, சிறகு ஒட்டிச் செத்துவிடும். இதற்காக அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத மாணவர் அங்கே கிடையாது.

ஒருநாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "எரியுதுடா! பறக்குற தசை முழுக்கப் பச்சையா எரியுது!" எனக்குப் புரியவில்லை, ஆனாலும் ஒரு மாதுளையை உடைத்துக் கொடுத்தேன். வாய்க்குப் போன முத்து பாதியில் நின்றது.

"பாட்டிலை நிமித்தி வச்சுட்டு வந்துட்டேன்."

திரும்பி ஓடினாள். எல்லாம் ஒட்டிப் போயிருந்தன. அந்த வம்சம் போனால் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் பணி ஓய்வு வந்துவிடும். மறுநாள் முகம் தொங்கிப்போய் வந்து நின்றாள்.

"உன் ஈதான் தினமும் இங்க வந்து குடித்தனம் பண்ணுதே, தேடிப் பாரு," என்றேன். கிண்டலாகத்தான் சொன்னேன். அவள் உடனே உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாழைத்தாருக்குள் தலையை விட்டாள்.

பழம் வாங்க வந்த ஒருவர் பின்வாங்கினார். "என்னங்க, பழம் சரியில்லையா?"

"பழம் நல்லாருக்கு. ஈதான் எல்லாம் சிவப்புக் கண்ணு," என்றாள் அக்கா.

வியாபாரம் படுத்தது. கடை மூடும் நேரத்தில், அழுகிய பப்பாளி மேல் ஒன்று அகப்பட்டது. ஆரஞ்சுக் கண். ஆண் ஈ. "ஒண்ணு போதும்டா!" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனாள். வேறு பெண் ஈக்களோடு சேர்த்துவிட்டதில், அதன் பிள்ளைகளும் பச்சையாக ஒளிர்ந்தனவாம்.

பிறகு ஒருநாள் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து என் தராசுக்குப் பக்கத்தில் படுக்கவைத்தாள். உள்ளே ஆரஞ்சுக் கண் ஈக்கள் தூங்கின.

"மாத்துக்கு ஒண்ணு உன்கிட்ட இருக்கட்டும். எந்திரிச்சு நடக்குறவரைக்கும் நிமித்திடாதே, ஆமா!"