தங்கையின் றக்பி

றக்பியை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான்தான். யாராவது தங்கையைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றைக்கும் எனக்கு அதைச் சொல்ல வேண்டும்போல இருக்கும். சில வேளைகளில் சொல்லியும் இருக்கிறேன். கேட்பவர்கள் "ஓ, அப்பிடியோ" என்றுவிட்டு மறுபடியும் தங்கையைப் பற்றியே கேட்பார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கம் ஓர் உயர்மாடிக் கட்டடத்தில் இருந்தோம். அப்பாவுக்கு பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுஸில் வேலை. நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அவர் தினமும் கார் ஓட்டிப் போய்வந்தார். அம்மா பக்கத்துப் பேக்கரி ஒன்றில் வேலை செய்தார். நானும் என்னை விட இரண்டு வயது இளைய தங்கையும் ஒரே அறை.

நான் பருமனான பிள்ளை. சொந்தக்காரர்கள் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அம்மாவிடம் சோற்றைக் குறைக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் கைப்பந்துக்கு ஆள் பிரிக்கும்போது கடைசிவரை நிற்பவள் நான். அப்படிப்பட்ட என்னை, ஜிம்மில் அடுக்கியிருந்த தடித்த மெத்தைகளைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனபோது, ஓர் உடற்பயிற்சி ஆசிரியை கவனித்தார். வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தவர். பெண்களுக்கு றக்பி அணி ஒன்று தொடங்கப்போவதாகச் சொல்லி, என் எடை எவ்வளவு என்று கேட்டார். நான் வெட்கத்தோடு சொன்னேன். "அருமை" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காகவே நான் சேர்ந்தேன். அணியில் எனக்குக் கிடைத்த இடத்துக்கு ஹூக்கர் என்று பெயர். ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் எட்டெட்டுப் பேர் தலைகளுக்கிடையில் தலையைக் கொடுத்துப் பூட்டிக்கொண்டு தள்ளுவோம். முன்வரிசையின் நடுவில் நிற்பவள் ஹூக்கர். இரண்டு பக்கத்தவர்களின் தோளிலும் கையைப் போட்டுத் தொங்கியபடி, உள்ளே உருட்டப்படும் பந்தைக் காலால் கொழுவிப் பின்னுக்கு அனுப்ப வேண்டும். சேறும் வேர்வையும் மூச்சுமாக இருக்கும் அந்த இருட்டுக்குள் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அங்கே என் உடம்பு எல்லோருக்கும் தேவைப்பட்டது.

அடுத்த வருடம் தங்கை எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஒரு நாள் ஆட்டத்துக்கு ஆள் குறைந்தது. நான்தான் போய் அவளைக் கூட்டிவந்தேன். லைபிரரியில் இருந்தவளிடம் என்னுடைய பழைய சப்பாத்தைக் கொடுத்து, "ஓரத்திலை நில். பந்து வந்தா ஓடு. வேறை ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்றேன்.

பந்து வந்தது. அவள் ஓடினாள்.

எப்படி ஓடினாள் என்று என்னால் விவரிக்க முடியும், ஆனால் அதைச் செய்ய இன்னும் மனம் வரவில்லை. எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தை வைத்துப் புள்ளி எடுத்துவிட்டு, தான் செய்தது சரிதானா என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆசிரியை விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார். நான் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்தேன். எல்லோரும் பிடித்தார்கள், நானும் பிடித்தேன். அன்று இரவு அம்மாவிடம் அந்தக் கதையைச் சொன்னபோது, தங்கைக்குப் பந்தை அனுப்பிய ஸ்க்ரம்மில் பந்தைக் கொழுவியது நான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அம்மா தங்கையின் முழங்கால் சிராய்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வசந்தம் முடியும்போது ரொறன்ரோப் பிராந்தியத்தின் இளையோர் அணிக்குத் தேர்வு நடந்தது. படி ஏறுவது போன்ற ஒழுங்கு அது. பள்ளிக்கூட அணியிலிருந்து பிராந்திய அணி, பிராந்தியத்திலிருந்து மாகாண அணி, அங்கிருந்து நாட்டின் இளையோர் பயிற்சி முகாம். ஆசிரியை எங்கள் இருவரையும் தன் காரில் கூட்டிப்போனார். நெஞ்சில் எண் எழுதிய அட்டையைக் குத்திக்கொண்டு காலையிலிருந்து ஓடினோம், விழுந்தோம், எழுந்தோம். எனக்கு நன்றாகப் போனது. இரண்டு தடவை எதிர்ப்பக்கத்துப் பந்தையே கொழுவி எடுத்தேன்.

மாலையில் எங்களைப் புல்லில் இருக்கவைத்துத் தெரிவானவர்களின் பெயர்களைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர் அந்தப் பிராந்தியத்தின் பயிற்சியாளர், நரைத்த மீசைக்காரர். குடும்பப் பெயரை மட்டுமே கூப்பிட்டார். எங்களுக்குக் குடும்பப் பெயர் அப்பாவின் பெயர். அந்த நீளப் பெயரை அவர் மூன்றாக உடைத்து, தடுக்கித் தடுக்கிச் சொல்லி முடித்தபோது நான் எழுந்துவிட்டேன். எழுந்தது மட்டுமல்ல, நாலைந்து அடி முன்னாலும் நடந்துவிட்டேன். இரண்டு மூன்று பேர் கைதட்டினார்கள்.

அவர் என் நெஞ்சிலிருந்த எண்ணைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கும் குரலில், நீ அல்ல, மற்றவள், ஓரத்தில், விங்கில் ஓடுபவள் என்றார்.

நான் திரும்பி வந்து இருந்தேன். தங்கை எழுந்து போனாள். போனவள் சும்மா நிற்காமல், எல்லோருக்கும் கேட்கும்படி அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், அக்காவும் வரலாமா என்று. என்மேல் பாவப்பட்டுக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தாங்கமுடியவில்லை. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

பிராந்திய அணிக்குப் பயிற்சி பிறம்ரனில். அப்பாவின் வெயர்ஹவுஸிலிருந்து ஐந்து நிமிட ஓட்டம். எங்கள் பள்ளிக்கூட ஆட்டங்கள் எல்லாம் அப்பா வேலையில் இருக்கும் நேரத்தில் ஸ்காபரோவில் நடந்ததால் அவர் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அதை நான் ஒரு குறையாக நினைத்ததும் இல்லை. இப்போது தங்கை பஸ் எடுத்து அங்கே போவாள். அப்பா வேலை முடிந்து நேரே மைதானத்துக்குப் போய், காரின் பின்பெட்டியிலிருந்து மடக்குக் கதிரையை எடுத்துப் போட்டு இருந்து, பயிற்சி முழுவதையும் பார்ப்பார். இருவரும் கோப்பிக்கடையில் எதையாவது சாப்பிட்டுவிட்டு, சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள்.

ஒரு நாள் அப்பா சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"இஞ்சை பார், உந்த விளையாட்டிலை பந்தை முன்னுக்கு எறியக் கூடாது. பின்னுக்குத்தான் எறியலாம். ஆனா எல்லாரும் முன்னுக்கு ஓடவேணும். எப்பிடி இருக்கு?"

"தெரியும் அப்பா."

"என்னெண்டு தெரியும்?"

"நானும்தானே விளையாடுறன்."

"ஓம், ஓம்" என்றார் அப்பா. பிறகு உப்புக் குப்பியையும் மிளகாய்த்தூள் போத்தலையும் மேசையில் வைத்து, ஓவ்சைட் விதி என்றால் என்ன என்று எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். மிளகாய்த்தூள் போத்தல்தான் தங்கை.

அம்மா முதலில் இதையெல்லாம் மறைத்தார். ஒரு கலியாண வீட்டில் தங்கையின் கைக் கண்டலைப் பார்த்துக் கேட்டவர்களுக்கு, படியில் விழுந்துவிட்டாள் என்றார். பிறகு தமிழ் வாரப் பத்திரிகை ஒன்றில் தங்கையின் படம் வந்தது. அடுத்த கலியாண வீட்டில் அம்மா தானே தங்கையின் சட்டைக் கையைச் சுருட்டிக் காயத்தைக் காட்டினார். பட்டுச்சேலை கட்டிய ஓர் அன்ரி என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "நீர்தானே அந்த றக்பிப் பிள்ளையின்ரை அக்கா? நீரும் ஏதும் விளையாடுறனீரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "என்ன, செஸ்ஸோ?" என்றார்.

நான் விடவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஒரு கிளப்பில் சேர்ந்தேன். நர்சுகள், தபால் ஊழியர், ஒரு பஸ் ஓட்டுநர் என்று எல்லா வயதுப் பெண்களும் இருந்த கிளப். அந்தக் கோடையில் மாகாணத் தேர்வுக்கு முன் பிராந்திய அணிக்கு ஒரு பயிற்சி ஆட்டம் தேவைப்பட்டது. எங்களைக் கூப்பிட்டார்கள்.

பிறம்ரன் மைதானத்தில் அப்பாவின் கதிரை ஓரக் கோட்டோடு இருந்தது. தங்கை ஓடும் பக்கம். நான் எதிரணிச் சட்டையோடு அவரைக் கடந்து போனபோது கையைக் காட்டினார். இன்றைக்கு அவர் என்னையும் பார்ப்பார்.

இரண்டாம் பாதியில் தங்கையிடம் பந்து போனது. எங்கள் பக்கத்து விங் ஆளை அவள் சுலபமாகக் கடந்துவிட்டாள். முன்னால் வெறும் புல். நான் ஸ்க்ரம்மிலிருந்து எழுந்து குறுக்காக ஓடிவந்துகொண்டிருந்தேன். ஹூக்கர்கள் விங்கை எட்டிப் பிடிப்பதில்லை. ஆனால் அவள் எந்தப் பக்கம் வெட்டுவாள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அவளைத் துரத்திப் பிடித்தவள் நான். வலது காலை ஊன்றி உள்ளே வெட்டினாள். நான் அங்கே இருந்தேன். தோள் அவளுடைய தொடையில் சரியாகப் பதிந்தது. இருவரும் காற்றில் பறந்து கோட்டுக்கு வெளியே விழுந்தோம். முறைப்படி, சுத்தமாக, நான் வாழ்க்கையில் செய்த மிகச் சிறந்த டக்கிள் அது. எங்கள் கிளப்பின் பஸ் ஓட்டுநர் அக்கா என் பெயரைச் சொல்லிக் கத்தியது கேட்டது.

அப்பா கதிரையைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார். தங்கையின் பக்கத்தில் குந்தினார்.

"பிள்ளை, நொந்ததே? காலை ஆட்டிப் பார். காலை ஆட்டு."

"ஒண்டுமில்லை அப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். "கொஞ்சம் மெல்லமாப் பிடிச்சிருக்கலாம்தானே?"

தங்கை சிரித்துக்கொண்டே எழுந்தாள். "அப்பா, தட் வோஸ் எ குட் டக்கிள். அக்கா சுப்பரா அடிச்சவ." எனக்குக் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். அப்போது என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் கையை உடனே விட்டுவிட்டாள்.

மாகாண அணிக்கு அவளை எடுத்தார்கள். வேறு மாகாணங்களோடு விளையாட மேற்கே விமானத்தில் போனாள். விமான நிலையத்தில் அப்பாவின் கண் கலங்கியிருந்தது. அவள் திரும்பி வந்தபோது பச்சை ஜக்கெட் ஒன்று போட்டிருந்தாள். முதுகில் எங்கள் குடும்பப் பெயர் ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் தைக்கப்பட்டிருந்தது. அதை எங்கள் அறைக் கதவுக்குப் பின்னால் கொழுவி விட்டாள். ஒவ்வொரு காலையும் கதவைச் சாத்தும்போது அது என் முகத்தில் உரசும். யாரும் இல்லாத ஒரு நாள் நான் போட்டுப் பார்த்தேன். தோளோடு நின்றுவிட்டது.

அடுத்த வருடம் நாட்டின் இளையோர் முகாமுக்கு வரச்சொல்லித் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். அப்பா வேலையில் லீவு கேட்டுவிட்டார். அம்மா ரெக்ஸ்டேலில் இருந்த மாமி வரைக்கும் எல்லோருக்கும் சொல்லிவிட்டார். ஒரு கிழமை கழித்து இரவுச் சாப்பாட்டில் தங்கை, தான் போகவில்லை என்றாள்.

"ஏன் மோள், எங்கையும் நோகுதே?" என்றார் அப்பா.

"நோகேல்லை. எனக்குக் காணும். அலுத்துப் போச்சு. யூனிவர்சிற்றிக்குப் படிக்கவேணும்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அவளை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன்.

"உனக்கென்ன விசரே? எத்தினை பேர் உதுக்காகச் சாகினம் தெரியுமே?"

"அக்கா, எனக்கு உது ஒரு நாளும் உனக்கு மாதிரிப் பிடிச்சதில்லை. ஓடத் தெரியும், அதாலை ஓடினனான்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் போனாய்?"

"நீதானே கூட்டிக்கொண்டு போனாய்."

அவளுக்குக் கிடைத்தவற்றின் மேல் எனக்கு எரிச்சல் இருந்தது உண்மை. ஆனால் அன்று, அவற்றையெல்லாம் ஒரு பழைய சப்பாத்தைப் போலக் கழற்றிவைத்துவிட்டுப் புத்தகத்தை விரித்து இருந்தாளே, அந்தச் சுலபத்தைப் பார்த்து வந்த பொறாமைதான் எல்லாவற்றிலும் பெரிது. ஒரு காலமும் என்னால் அப்படி விட முடியாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. நான் அதற்குப் பிறகும் பல வருடங்கள் அதே கிளப்பில், அதே நடு இடத்தில், யாரும் தேர்ந்தெடுக்காத ஹூக்கராக ஆடினேன்.

தங்கை விட்ட அந்தக் கோடையில் ஒரு சனிக்கிழமை எங்கள் கிளப் ஆட்டத்துக்கு அப்பா வந்தார். நான் கூப்பிடவில்லை. மடக்குக் கதிரையோடு வந்து ஓரமாக இருந்தார். நடுவரைப் பார்த்துத் தமிழில் சத்தம் போட்டார். காரில் திரும்பி வரும்போது கேட்டார்:

"அவள் ஏன் விட்டவள் எண்டு உனக்கு ஏதும் தெரியுமே?"

"தெரியாது அப்பா."

சிவப்பு விளக்கில் கார் நின்றது. "உன்னைத்தான் இண்டைக்குத் தேடிக்கொண்டே இருந்தனான்" என்றார். "எல்லாரும் குனிஞ்சு தலையைக் குடுத்தாப் பிறகு நீ எங்கை நிக்கிறாய் எண்டு ஒண்டும் விளங்கேல்லை."

"நடுவிலை அப்பா. முன்வரிசையிலை, ரெண்டு பேருக்கு நடுவிலை."

"அதுக்குள்ளை என்ன செய்யிறாய்?"

நான் சொல்லத் தொடங்கினேன். பந்து எந்தப் பக்கத்தால் வரும், எந்தக் காலால் கொழுவ வேண்டும், எப்போது. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடிக்கும்வரை அப்பா என் பக்கம் திரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமையும் வந்தார். தங்கையையும் கூட்டிவந்திருந்தார். அவள் கதிரையில் காலை மடக்கி இருந்து, மடியில் உயிரியல் புத்தகத்தை வைத்துப் படித்தாள். இடைவேளையில் எதிரணிப் பயிற்சியாளர் அவளை அடையாளம் கண்டு, மைதானத்தைக் கடந்துவந்து கை கொடுத்தார். திரும்பி ஆட வரமாட்டாயா என்று அவர் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்பா அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்ப் போத்தலை வைத்துவிட்டு, வாய்க்கவசத்தைப் பல்லில் மாட்டிக்கொண்டு, ஸ்க்ரம்முக்குப் போனேன்.