ஸ்பிதியில் பதிந்த மௌனம்

ரொறன்ரோவில், என் மோர்னிங்சைட் வீட்டு பேஸ்மென்டில் ஒரு ஒலிப்பதிவு இருக்கிறது. அதில் ஒருவரும் பேசுவதில்லை. அடுப்பில் விறகு படபடக்கும், யாரோ மூக்கை உறிஞ்சுவார்கள், கடைசியில் ஒரு கோப்பைச் சத்தம். அவ்வளவுதான். எத்தனையோ படங்களை அழித்துவிட்டேன். அதை அழிக்க மட்டும் மனம் வரவில்லை.

பதிந்தவர் எங்கள் சவுண்ட் அண்ணை. இங்கே வோபர்னில் வீட்டுத் தரகராக இருந்துகொண்டே படம் எடுக்கும் எங்கள் இயக்குநர், காதலன் பனிமலையில் தொலைந்துபோகும் ஒரு கட்டத்துக்காக எங்களை இமயமலையில் ஸ்பிதி வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார். கமெரா என் பொறுப்பு. பனிதானே வேண்டும், அது எங்கள் ஸ்காபரோவிலேயே கொட்டிக்கிடக்கிறதே என்று வாயாடிப் பார்த்தேன். மனிதர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. படப்பிடிப்பு முடிகிற நேரம் கணவாயில் பனி விழுந்து பாதை மூடிவிட்டது. ஒரே வீட்டில், ஒரே அறையில், ஒரே அடுப்பைச் சுற்றிக் கிடந்தோம். யன்னலைத் திறந்தால் பனிச்சுவர். யாராவது இருமினாலே எனக்கு எரிச்சல் வந்தது.

அப்போதுதான் ரொறன்ரோவில் அண்ணையின் அம்மா இறந்துபோனார். கூரையில் ஏறி நின்றால்தான் போன் எடுபடும். அங்கே நின்றுதான் அவர் செய்தியைக் கேட்டார். அவர் ஒரே மகன். இங்கே ரொறன்ரோவில் கொள்ளி வைப்பதென்றால் தகனசாலையில் ஒரு பொத்தானை அழுத்துவதுதான். அந்தப் பொத்தானைத் தன் கையால் அழுத்தவேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் அவர் கேட்கவில்லை. அவருடைய அக்கா வீட்டார் முடிந்தவரை காத்திருந்து பார்த்தார்கள். பாதை திறக்கவில்லை. நடந்தே கணவாயைக் கடக்கிறேன் என்று சப்பாத்தைக் கட்டியவரை நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா கதவை மறித்து நின்று தடுத்தார். கடைசியில், அக்காவின் மகன் அழுத்தட்டும் என்று போனில் சொல்லிவிட்டு அண்ணை கூரையால் இறங்கினார். அடுத்த நாள் போனும் செத்தது. செத்தவீட்டுச் சடங்கை லைவிலாவது பார்க்கலாம் என்ற நினைப்பும் அதோடு போயிற்று.

தகனம் ரொறன்ரோவில் காலையில். எங்களுக்குப் பொழுது சாயும் நேரம். அண்ணை மைக்கைக் கொண்டுவந்து அறையின் நடுவில் நிறுத்தினார். எந்த இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் அந்த இடத்தின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிந்துகொள்வது தொழில் வழக்கம். பிறகு வசனங்களுக்கு அடியில் போட உதவும். அசைந்தால் அண்ணை ஏசுவார். முடிந்ததும், போதும் என்பதற்கு “ஓம், காணும்” என்பார். அதன் பிறகுதான் நாங்கள் மூச்சே விடுவோம். ஆனால் அந்த அறையில் நாங்கள் ஒரு காட்சியும் எடுத்திருக்கவில்லை.

“ஒரு நிமிசம் சத்தம் போடாதேங்கோ. இந்த அறையை எடுக்கப்போறன்,” என்றார்.

இயக்குநர்தான் முதலில் எழும்பினார். நம்முடைய கூட்டங்களில் இறந்தவர்களுக்கு அகவணக்கம் செலுத்த நிற்பதுபோல் எல்லோரும் தலை குனிந்து நின்றோம். நிமிடம் போயிற்று. அண்ணை காணும் என்று சொல்லவில்லை. அவர் சொல்லாமல் நாங்களும் அசையவில்லை. கால் விறைத்துவிட்டது. எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போல் இருந்தது. அழுதால் அதுவும் பதிவாகிவிடுமே. எவ்வளவு நேரம் நின்றோமோ, வீட்டுக்கார அம்மா வந்து அவர் பக்கத்தில் ஒரு தேநீர்க் கோப்பையை வைத்தார். அண்ணை காணும் என்று சொல்லாமலே கருவியை நிறுத்தினார்.

போன கிழமை வேறொரு படத்தின் வேலையாக என் வீட்டுக்கு வந்தார். வெளியே பனி கொட்டி பஸ்கூட ஓடவில்லை. இரண்டு பேரும் பேஸ்மென்டில் மாட்டிக்கொண்டோம். அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது என்று மெல்லச் சொன்னேன். அவர் அதை ஒருநாளும் கேட்டதில்லையாம். ஹெட்போனை வாங்கி மாட்டினார். கதிரையில் இருந்தவர் எழும்பி நின்றார், நானும் நின்றேன். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் கணினித் திரையில் ஓடும் ஒலிக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோப்பைச் சத்தம் வந்த இடத்தில் கோடு ஒருமுறை துள்ளி ஓய்ந்தது.

அண்ணை ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஓம் பிள்ளை,” என்றார். “காணும்.”