அப்பா படிக்காமல் விட்ட பத்தி

அப்பா என்னை ஏமாற்றியிருக்கிறார் என்று எனக்கு உறைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். பழைய வாரப் பத்திரிகை ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். படித்த பத்தியையே மூன்று தடவை படித்தேன். தப்பு என்னுடையது இல்லை.

மைசூரில் நான் போனது கன்னடப் பள்ளிக்கூடம். தமிழ் வாய் நிறையப் பேசுவேன், படிக்க வராது. அதனால் வியாழக்கிழமைதோறும் அப்பா ரயில்வே வேலை முடிந்து வரும்போது பத்திரிகை வாங்கிவந்து, தொடர்கதையை எனக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். அந்த வருஷக் கோடை லீவில்தான் அம்மாவை நச்சரித்து எழுத்து கற்றுக்கொண்டேன். வயது பத்து.

கதாநாயகன் சிவராமன். அப்பா வாயிலிருந்து வந்த சிவராமன் சொக்கத்தங்கம்; கலவரத்தில் கூட்டம் தம்பியை மறித்தபோது குறுக்கே நின்று அடிவாங்கியவன். அச்சிலிருந்த சிவராமனோ, "இவன் யாரென்றே எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடந்துபோனான். அதற்கப்புறம் அவன் ராத்திரிகளில் தூங்கவே இல்லை. ஏன் என்று நான் கேட்டபோது அப்பா சொன்ன காரணம், வாயுத் தொந்தரவு.

வாயுத் தொந்தரவு! பத்து வாரம் அதை நம்பியிருக்கிறேன்.

அப்பா செருப்பைக் கழற்றுவதற்குள் பத்திரிகையை நீட்டினேன். இந்தப் பத்தி எங்கே போச்சு என்று கேட்டேன். "ஹோக்லி பிடு, போகட்டும், கதைதானே" என்று அம்மா கன்னடம் கலந்து சமாதானம் பேசினாள். அவளும் படித்தவள்தான், தெரிந்தே சும்மா இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்து, அவள்மேலும் பாய்ந்தேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

"தப்புப் பண்ணினவன்னு சொல்லியிருந்தா அவனை எனக்கு இன்னும் புடிச்சிருக்கும்ப்பா. உள்ளுக்குள்ள அவ்ளோ வெச்சுக்கிட்டு தினம் எழுந்து வேலைக்குப் போறானே. இப்ப உங்களைத்தான் புடிக்கல."

அப்பா கோபப்படவில்லை. கையிலிருந்த டிபன் டப்பாவைக் கீழே வைக்கவே வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

"இந்த வாரம் நீயே படி. ஒரு வரி விடாம படி."

அப்புறம் ஓர் இன்லண்ட் லெட்டரை எடுத்துவைத்துக்கொண்டு ராமாபுரத்திலிருக்கும் தன் தம்பிக்கு, என் சித்தப்பாவுக்கு, எழுத உட்கார்ந்தார். வாழைத்தாரோடு தேவராஜ மார்க்கெட்டுக்கு வாராவாரம் வந்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகும் சித்தப்பா, ஆற்றுத் தண்ணீருக்காக மைசூர் தமிழர்கள்மேல் கொந்தளித்த வருஷத்திலிருந்து வருவதில்லை. தோட்டத்தில் வேலை என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். என் வழக்கு நடக்கும்போது இவருக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று இன்னும் எரிச்சலானேன்.

மார்க்கெட் வாசலில் கூட்டம் சித்தப்பாவை மறித்ததும், கூட நின்ற அப்பா "யாரோ, கொத்தில்லா", தெரியாது என்று கன்னடத்தில் சொல்லி விலகியதும், நான் காலேஜ் போன பிறகு சித்தப்பாவே சொல்லித் தெரிந்தது. "பயந்துபோய் அப்படிச் சொல்லிட்டேன்னு என் மூஞ்சியப் பாத்து ஒத்துக்கிட்டிருந்தா, அடுத்த வாரமே சாப்பிட வந்திருப்பேன் கண்ணு" என்றார்.

அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாது. அப்பா என் கேள்விக்குப் பயந்து கடிதத்துக்குள் ஒளிந்துகொண்டார் என்றுதான் நினைத்தேன். வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள். சிவராமன் தம்பி வீட்டுக் கதவைத் தட்டப்போகிறானா இல்லையா, எப்படியிருந்தாலும் அதை அப்பா முகத்துக்கு நேரே, திக்காமல் படித்துவிட வேண்டும் என்று நீளநீளமான வார்த்தைகளாகத் தேடிப்பிடித்துப் பழக ஆரம்பித்தேன்.