பஸ்ஸுக்கு நின்றவர்கள்

அதற்குப் பிறகு அப்பா என்னை ஏன் லாரியில் ஏற்றவே இல்லை? முதலாளிக்குப் பயந்தா, நான் சொன்ன வார்த்தையாலா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்பா மாதத்தில் நாலைந்து நாள்தான் காஞ்சிபுரத்தில் இருப்பார். மற்ற நாளெல்லாம் அரிசி மூட்டைகளோடு பெங்களூர் சாலையில். பள்ளி விடுமுறை என்றால் அம்மாவையும் என்னையும் லாரியிலேயே அழைத்துப் போவார். இஞ்சின் மூடிமேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டு என்னை உட்காரவைப்பார். சாக்கையும் மீறிச் சுடும். இரைச்சலில் கத்தினால்தான் கேட்கும் என்பதால் யாரும் பேசுவதில்லை. அப்பா ஏரியை, மலையை விரலால் காட்டுவார், நான் தலையாட்டுவேன். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்திருந்ததெல்லாம் அநேகமாக அங்கேதான்.

ஆள் ஏற்றினால் வேலை போய்விடும். அதனால் திரும்பும்போது திருப்புட்குழி கூட்டுரோட்டில் எங்களை இறக்கிவிட்டு அப்பா முன்னால் போய்விடுவார். நாங்கள் பஸ் பிடித்து வருவோம். பெங்களூர் பார்த்ததை யாரிடமும் சொல்லக் கூடாது. விடுமுறை முடிந்து மற்றப் பிள்ளைகள் ஊர்க்கதை பேசும்போது நான் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

எனக்கு எட்டு வயது இருக்கும். நாங்கள் இறங்கி நின்றிருந்தோம். அப்பா டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தன் நிலத்துக்கு வந்திருந்த முதலாளி, லாரியைக் கண்டு வரப்பிலிருந்து ஏறி வந்தார்.

"யாருப்பா இவங்க?"

"தெரியலீங்க. பஸ்ஸுக்கு நிக்கிறாங்க போல."

"வெயில்ல கொயந்தய வெச்சிக்கினு நிக்குது பாரு. ஏத்திக்கப்பா, நானும் டவுனுக்குத்தான் வரேன்."

"ஆள் ஏத்தக் கூடாதுன்னு நீங்கதான..."

"நான் சொன்னா ஏத்தலாம்பா!"

மறுபடியும் அதே சாக்கின்மேல் உட்கார்ந்தேன். வழியில் முதலாளி என் பக்கம் குனிந்து கத்திக் கேட்டார்:

"உங்கப்பா இன்னா வேல பாக்குறாரு பாப்பா?"

எனக்குத் தோன்றிய பொய் ஒன்றுதான். நானும் கத்தினேன்.

"எனக்கு அப்பா இல்ல."

அவர் அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். குங்குமம் இருந்தது.

"ஐயே, வாயக் கய்வு! அம்மா நெத்தி நெறைய பொட்டு வெச்சிக்கினு இருக்குது, இது இன்னா பேசுது!" அப்பா பக்கம் திரும்பிச் சிரித்தார். "கேட்டியாப்பா?"

"கேட்டங்க" என்றார் அப்பா. சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவரு வெளியூர்ல இருக்காருங்க. அத்தத்தான் அப்படிச் சொல்லுது" என்று அம்மா சமாளித்தாள்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா அம்மாவிடம், "எறங்குங்கம்மா" என்றார். வழக்கமாக என்னைத் தூக்கி இறக்குபவர், அன்று கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. நானே குதித்தேன்.

வீட்டில் அம்மா என்னை அறைந்துவிட்டுத் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அடுத்த விடுமுறைக்கு நான் பாவாடை சட்டையைப் பையில் போட்டுத் தயாராக இருந்தேன். "இந்த வாட்டி வேணாம்மா" என்றார் அப்பா. பிறகு நான் கேட்கவே இல்லை.

இப்போது என் மகளுக்கு ஐந்து வயது. போன வாரம் அப்பா வந்திருந்தார்.

"பாப்பாவ வேலூர் வரைக்கும் இட்டுக்கினு போயி வரட்டாம்மா? இந்த முதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"சளி பிடிச்சிருக்குதுப்பா" என்றேன். சளியெல்லாம் இல்லை. "சரிம்மா" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். லாரிக்குப் பயந்து சொன்னேனா, வேறு எதற்காவதா என்று எனக்கே புரியவில்லை. வாசலில் ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அடுத்த முறை அவர் கேட்டால் அனுப்பத்தான் நினைக்கிறேன். அதற்கு முன் பழைய பேச்சை எடுத்து மன்னிப்புக் கேட்பதா? அவர் மறந்திருந்தால் நானே கிளறியதாகிவிடாதா? மகளைப் பெற்ற தகப்பன்மார் யாராவது எழுதுங்கள்: உங்கள் மகள் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று விரும்புவீர்களா, பேசாமல் பேத்தியைக் கையில் கொடுத்தால் போதுமா?